மார்ச் ஒன்றாம் தேதி அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள்

இந்தியத் தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருமான தங்களுக்கு,

வணக்கம்.

இந்தக் கடிதத்தின் இந்திப் படியைத் தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதையே தமிழில் பொதுவாகவும் எழுத ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் படியேறப் போகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2013 முதல் 2017 வரை நான் ராஜஸ்தானில், ஜோத்பூருக்கும் பாலிக்கும் நடுவே ஒரு சிற்றூரில் குடியிருந்தேன். கணவருக்கு அங்கே வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தரிசு நிலம், அதைத் தாண்டினால் ராய்க்கா மக்களின் குடியிருப்பு. ராய்க்கா, ரபாரி, தேவாசி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். தார் பாலைவனத்தில் செம்மறியும் வெள்ளாடும் ஒட்டகமும் வளர்க்கிறவர்கள். ஒட்டகத்தைப் பார்வதி களிமண்ணில் பிசைந்து செய்தாள், சிவன் உயிர் கொடுத்தார், அது பண்ணிய அட்டகாசம் தாங்காமல் அதை மேய்க்கத் தன் தோலிலிருந்தும் வியர்வையிலிருந்தும் ஓர் ஆளை உண்டாக்கினார், அவன்தான் முதல் ராய்க்கா என்று கதை சொல்வார்கள்.

அந்தக் குடியிருப்பில் ஒரு பெண்மணியோடு நான் நெருங்கிப் பழகினேன். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். மாஸி என்று கூப்பிடுவேன், நம் சித்தி மாதிரி. தோள்வரை வெள்ளை வளையல், கையில் கழுத்தில் பச்சை குத்தியிருப்பார். என்னை பெஹன்ஜி என்பார். தண்ணீர்க்குடத்துக்குத் தலையில் வைக்கும் சும்மாட்டை அங்கே ஈண்டோணி என்கிறார்கள். அதைத் துணியில் எப்படிச் சுற்றினால் நழுவாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

தீபாவளி முடிந்து சில நாட்களில் அந்தக் குடியிருப்பு பாதி காலியாகிவிடும். மழைக்காலத்துப் புல் தீர்ந்திருக்கும். பல குடும்பங்கள் மந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே கூட்டமாகக் கிளம்பும். அந்தக் கூட்டத்துக்கு டாங் என்று பெயர். ஒரு டாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் இருக்கும். தெற்கே மத்தியப் பிரதேசத்து மால்வா பக்கமோ, வடக்கே ஹரியானா பக்கமோ நடப்பார்கள். திரும்பி வருவது அடுத்த மழை வானத்தில் கூடும்போது, அதாவது ஜூன் கடைசி, ஜூலை. வயதானவர்களும் சில பெண்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் ஊரில் தங்குவார்கள். மற்றவர்களுக்கு ஆண்டில் ஏழெட்டு மாதம் வழியில்தான் வாழ்க்கை.

இப்போது தங்கள் அறிவிப்புக்கு வருகிறேன். 2027 கணக்கெடுப்புக்கான அரசிதழ் அறிவிப்பு 2025 ஜூன் 16-ல் வந்தது. நாடு முழுமைக்கும் கணக்குத் தேதி 2027 மார்ச் 1. லடாக்குக்கும் ஜம்மு காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டில் பனி மூடும் பகுதிகளுக்கும் மட்டும் 2026 அக்டோபர் 1. பனி விழுந்தபின் அங்கே ஆள் போக முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் மார்ச் 1 அன்று மாஸி வீட்டில் இருக்க மாட்டார். அவர் மருமகளும் இருக்க மாட்டாள். வீடு பூட்டியிருக்கும், அல்லது அவருடைய மாமியார் ஒருத்தர் மட்டும் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

2011 கணக்கெடுப்பில் வேலை பார்த்த எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கிறது. பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு. அந்த நாட்கள் முழுவதும் ஒருவர் ஊரில் இல்லையென்றால் அவரை வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணப்படுவார். 28-ஆம் தேதி இரவு வீடற்றவர்களைத் தனியாக எண்ண வேண்டும். அந்த இரவுக் கணக்கில் நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் வந்தார்கள். நடைபாதையில், ரயில் நிலையத்தில், கோயில் மண்டபத்தில் படுத்திருந்தவர்கள். சரி. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு கிராமத்து எல்லையில், சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, முள்வேலி போட்டு ஆட்டோடு படுத்திருப்பவளை அந்த இரவில் யார் தேடிப் போயிருப்பார்கள்? போனாலும் அவளை வீடற்றவள் என்று எழுதுவது சரியா? அவளுக்கு வீடு இருக்கிறது. பாலி மாவட்டத்தில், சாணம் மெழுகிய திண்ணையோடு இருக்கிறது. நானே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறேன்.

2015 பிப்ரவரிக் கடைசியில் மாஸியின் மகன் மாவும் மருந்தும் எடுத்துக்கொண்டு டாங்கைப் பார்க்கப் போனான். நானும் அவனோடு கிளம்பினேன். மத்தியப் பிரதேசத்து நீமச் வரை பஸ், அப்புறம் ஒரு ஜீப், அப்புறம் நடை. அந்தப் பக்கம் அபின் பயிரிடும் பூமி. உரிமம் வாங்கி விதைத்த கசகசாச் செடிகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. அந்த வயலோரம் ஒரு ஆடு வாய் வைத்தாலும் ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும் என்று பையன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். கோதுமை இன்னும் அறுக்கவில்லை. அதனால் கூட்டம் ஒரு ஓடைப் புறம்போக்கில் தங்கியிருந்தது. அங்கே இரண்டு இரவுகள் இருந்தேன். நான் பார்த்ததைத் தங்களுக்கு அப்படியே சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது மாஸி எழுந்துவிட்டார். முதல் வேலை தண்ணீர். ஓடையில் பள்ளம் பறித்து ஊறவிட்ட தண்ணீர் ஆடுகளுக்கு. குடிக்க, கிராமத்துக் கைப்பம்புக்குப் போக வேண்டும், ஊர்ப் பெண்கள் வருவதற்கு முன்னால். பின்னால் போனால் வரிசையில் கடைசியில்தான் நிற்க விடுவார்களாம். இன்னொரு காரணமும் உண்டு. நாற்பது ஐம்பது ஆண்கள் இருக்கும் திறந்த வெளியில் ஒரு பெண் ஒதுங்குவதற்கு இருட்டு ஒன்றுதான் மறைப்பு. மாதவிலக்கு நாட்களில் துணி துவைத்துக் காயப்போட அந்த மறைப்பும் இல்லை. நனைந்த துணியை மூட்டைக்குள் வைத்து, அடுத்த முகாமில் காய வைப்பதாக மருமகள் சொன்னாள். அவளுக்கு அப்போது வயது இருபது இருக்கும்.

தண்ணீர் வந்ததும் அடுப்பு. மூன்று கல், சுற்றியிருந்த சீமைக்கருவேல முள். நம் ஊரைப் பிடித்த அதே சீமைக்கருவேலம்தான், அங்கே விலாயதி பாவல். கம்பு மாவைக் கையிலேயே தட்டிச் சுட்ட ரொட்டி, சோகரா என்பார்கள், ஒரு முழ உயரத்துக்கு அடுக்கினார்கள். மோரில் கம்பு மாவைக் காய்ச்சிய ராப். முதல் வாய் குடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆயா செய்த கம்பங்கூழ் ருசி, நீமச் பக்கத்து ஓடைக்கரையில்.

வெயில் ஏறுமுன் ஆண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு முகாமில் இருந்தது பெண்கள், கைக்குழந்தைகள், ஒட்டகங்கள், பிறந்து சில நாளான குட்டிகள். அன்றைக்கு இடம் மாற வேண்டிய நாள். ஒட்டகத்தை மண்டியிட வைத்து, கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் முதுகில் ஏற்றி, நாலு காலுக்கும் நடுவே கிடைத்த பள்ளத்தில் போர்வை, மாவு மூட்டை, பாத்திரம் எல்லாம் அடுக்கி, நடக்க முடியாத குட்டிகளை மேலே வைத்து, அதன் பக்கத்திலேயே மருமகள் தன் ஒரு வயதுப் பிள்ளையையும் வைத்துக் கட்டினாள். கயிறு போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கம் கனம் கூடினால் ஒட்டகத்தின் முதுகு புண்ணாகும். மாஸி ஒவ்வொரு முடிச்சையும் தானே இழுத்துப் பார்த்தார். இரண்டைப் பிரித்து மறுபடி கட்டச் சொன்னார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. முன்னால் போய் இடம் பார்த்து, முள் வெட்டி வேலி அடைத்து, அடுப்பு மூட்டி வைத்திருப்பது பெண்கள். ஆண்கள் சாயங்காலம் மந்தையோடு அங்கே வந்து சேர்வார்கள்.

மந்தை வந்ததும் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. நூற்றுக்கணக்கான தாயாடுகள் கத்திக்கொண்டு வருகின்றன, பட்டியில் அடைத்த குட்டிகள் பதில் கத்துகின்றன, புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. மாஸி பட்டி வாயில் நின்றுகொண்டு குட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கி, எந்தத் தாய்க்கு எது என்று ஒரு கணம் கூட யோசிக்காமல் விட்டார். எல்லாம் வெள்ளை உடம்பு, கறுத்த முகம். என் கண்ணுக்கு எல்லாமே ஒன்றுதான். ஒரு தாயாடு தன் குட்டியைச் சேர்க்காமல் உதைத்தது. முதல் ஈற்றாம். மாஸி அதன் பின்னங்காலைத் தன் முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, மடியில் இரண்டு பீச்சு பீச்சிக் குட்டியின் நெற்றியிலும் முதுகிலும் தடவி, தாயின் மூக்குக்கு நேரே குட்டியைப் பிடித்தார். முகர்ந்தது. நக்கியது. அதற்குப் பிறகுதான் காலை விட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் காலையில் அந்தக் குட்டி செத்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு. பாலும் நெய்யும் பக்கத்துக் கிராமத்தில் விற்ற காசு பெண்கள் கையில். மாவு, மிளகாய், வெல்லம் வாங்கியது போக மீதியை மாஸி ஒரு துணிச் சுருக்குப்பையில் முடிந்து வைத்தார். டாங்கின் பொதுச் செலவுக் கணக்கு தலைவர் கையில். அவரை நம்பர்தார் என்பார்கள். எந்த விவசாயியின் வயலில் எத்தனை இரவு ஆடு அடைப்பது, அதற்கு எவ்வளவு தானியம் அல்லது பணம் என்று பேசுவதும் அவர்தான். நம் ஊரில் கிடை போடுவது போலத்தான். ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் ஆடு ஓட்டிப்போகும் கீதாரிகள் இதைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள்.

இரண்டாம் நாள் மாஸியிடம் கேட்டேன். “சர்க்கார் ஆள் வந்து நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்?” அவர் தட்டிக்கொண்டிருந்த ரொட்டியை நிறுத்தவில்லை. “வேலை அவர் செய்கிறார். நான் வீட்டில் இருக்கிறேன்” என்றார். வானத்துக்குக் கீழே, வீட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருக்கிறேன் என்றார்.

ஆணையர் அவர்களே, இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011-ல் சிவகங்கை மாவட்டத்தில் எனக்கு ஒதுக்கிய பகுதியில் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் பல. ஒரு வீட்டு வாசலில் கணவர் நின்று பதில் சொன்னார். அவர் மனைவி அப்போதுதான் கிடையிலிருந்து வந்திருந்தாள், இடுப்பில் ஒரு குட்டி, கையில் தொரட்டி. கடந்த ஓராண்டில் வேலை செய்தாரா என்ற கேள்விக்கு, “அது வீட்டைப் பாத்துக்கிட்டு சும்மாதான் இருக்கு” என்றார் அவர். நான் வேலை செய்யவில்லை என்று குறித்து, வீட்டுக் கடமைகள் என்பதற்குரிய எண்ணைப் போட்டேன். அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு இன்னும் இருபது வீடு பாக்கி இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படி எத்தனை பெண்களுக்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

தங்கள் அலுவலகம் கொடுத்த கையேட்டில் இதற்கு விடை தெளிவாக இருந்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. சம்பளம் இல்லாமல் குடும்பத் தொழிலில் உழைப்பதும் வேலைதான். வீட்டுத் தேவைக்காக மட்டும் பால் உற்பத்தி செய்தால்கூட அது வேலைதான். விதி அப்படித்தான் இருந்தது. பயிற்சி வகுப்பில் அந்தப் பக்கத்தை யாரோ வேகமாகப் படித்துவிட்டுப் போனார்கள், நாங்களும் தாண்டிப் போனோம். ராய்க்கா பெண்ணுக்காகப் புதிதாக ஒரு விதி எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் விதியைக் கணக்கெடுப்பாளர் மனதில் ஏற்றுங்கள் என்கிறேன். “வேலை செய்கிறீர்களா?” என்று கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். குட்டிகளுக்குப் பால் விடுவது யார், பட்டிக்கு முள் வெட்டியது யார், நெய் விற்றது யார், ஒட்டகத்துக்குச் சுமை கட்டியது யார் என்று கேட்கச் சொல்லுங்கள். செல்பேசிச் செயலியில் அந்தக் கேள்விக்குக் கீழே இரண்டு வரி நினைவூட்டல் போட எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தத் தடவை மக்களே தங்கள் விவரங்களை இணையத்தில் பதியலாம் என்ற வசதியும் வருகிறது. எனக்குத் தெரிந்த ராய்க்கா குடும்பங்களில் செல்பேசி ஆண்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பதிவதும் அவர்களாகத்தான் இருப்பார்கள். அப்போதும் “சும்மாதான் இருக்கிறாள்” என்பதே பதிவாகும்.

எண்ணிக்கையில் விடுபட்டால் என்ன குறைந்துவிடும் என்று யாராவது கேட்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதில் எந்த மாநிலத்துக்கு எத்தனை பேருக்கு மானிய தானியம் என்பது 2011 கணக்கை வைத்துப் பிரித்தது. பாலைவனப் பகுதியில் 300 பேருக்கு ஓர் அங்கன்வாடி வைக்கலாம், 150 பேர் இருந்தால் சிறிய அங்கன்வாடி வைக்கலாம் என்பது விதி. குடியிருப்பில் பாதிப் பேரைக் கணக்கு நாளில் காணோம் என்றால் அந்த எண் வராது. மாஸியின் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது நடையில்தான், மத்தியப் பிரதேச எல்லை ஓரத்தில், ஒரு வயல் கொட்டகையில். மூன்றாம் நாள் கட்டில் சுமைமேல் அவளை உட்காரவைத்துக் கூட்டம் நகர்ந்தது. தடுப்பூசிக்கு வழியில் ஒரு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது “உங்கள் ஊரில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்களாம். ஊருக்கு வந்தது ஜூலையில். பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம். முதல் ஊசி அப்போதுதான்.

ஊரில் தங்கிவிடும் பெண்களுக்கு வேறு பாடு. மே மாதம் எங்கள் பக்கத்துக் குளம் வெடித்துக் கிடக்கும். அதை நாடி என்பார்கள். வீட்டு முற்றத்தில் தரைக்குக் கீழே மழைநீர் சேமிக்கும் டாங்கா அடியைத் தொட்டிருக்கும். 2016 மே 19 அன்று அப்போது ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்த பலோடியில் 51 டிகிரி பதிவானது. அன்று நான் மின்விசிறிக்கு அடியில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மாஸியின் மாமியார், எழுபது தாண்டியவர், விடியற்காலையில் போய் வன்னி மரக் கிளைகளைத் தழைக்கு வெட்டி வந்து, ஊரில் விட்டுப்போன ஏழு வெள்ளாடுகளுக்கும் ஒரு நோஞ்சான் ஒட்டகத்துக்கும் போட்டார். அவரையும் யாராவது உழைப்பாளி என்று எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நடையின் தூரமும் கூடிக்கொண்டே போகிறது. ஓரண் என்று தெய்வத்தின் பெயரால் விட்டுவைத்த மேய்ச்சல் காடுகள் அங்கே உண்டு. வெட்டக் கூடாது, ஆடு மேயலாம். அவற்றில் பலவற்றுக்கு வருவாய்ப் பதிவேட்டில் பெயர் கிடையாது, தரிசு என்று இருக்கும். அப்படி எழுதிய நிலத்தைச் சூரிய மின்சாரத்துக்குக் கொடுப்பது எளிது. மேற்கு ராஜஸ்தானில் பட்லா என்ற இடத்தில் 2,245 மெகாவாட் சூரிய மின்பூங்கா நிற்கிறது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓரண்களை அளந்து காடாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அதுவும் ஒரு கணக்கெடுப்புதான். எழுதப்படாத நிலத்துக்கு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்ததால்தான், எழுதப்படாத பெண்களைப் பற்றி இவ்வளவு பதறுகிறேன்.

நாடோடிச் சமூகங்களுக்காக அமைத்த ரெங்கே ஆணையம் 2008-ல் அறிக்கை கொடுத்தது. இதாதே ஆணையம் 2018-ல் கொடுத்தது. இரண்டுமே நம்பகமான எண்ணிக்கை இல்லையே என்றுதான் வருந்தின. 2027-ல் எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகிறீர்கள், 1931-க்குப் பிறகு முதல் தடவை. அதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் மாமியார் ராய்க்கா என்பார், மகன் தேவாசி என்பான், குஜராத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ரபாரி என்பாள். மால்வா கிராமத்தில் அவர்களை எல்லோரும் மார்வாடி என்றே கூப்பிடுவார்கள். அந்த ஊர்க் கணக்கெடுப்பாளர் எதை எழுதுவார்? இந்தப் பெயர்களெல்லாம் ஒரே மக்களைக் குறிப்பவை என்ற பட்டியல், டாங்குகள் தங்கும் எல்லா மாநிலங்களிலும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

தேதியை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு தேதி வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் பனிக்காக யோசித்த அதே அக்கறையோடு புல்லுக்காகவும் யோசியுங்கள். டாங்குகள் ரகசியமாக நடப்பவை இல்லை. எந்த மாவட்டத்தில் எந்த மாதம் இருப்பார்கள் என்பது அவர்களிடம் ஆடு வாங்கவும் மாவு விற்கவும் வருகிற வியாபாரிகளுக்குத் தெரியும், வனச்சாவடிக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் கிளம்பும் நவம்பரிலேயே பாலி, ஜோத்பூர், பார்மேர், ஜைசல்மேர், ஜாலோர் மாவட்டங்களில் நம்பர்தார்களைக் கூட்டி, யார் யார் எந்தப் பக்கம் போகிறார்கள், எந்தச் செல்பேசி எண்ணில் கிடைப்பார்கள் என்று எழுதி வைத்தால் போதும். பிப்ரவரியில் அந்தந்த மாவட்ட ஆட்சியரிடம் அந்தப் பட்டியல் இருக்கும். முகாமில் எண்ணுகிறவர், இவர்கள் வீடற்றவர்கள் என்று எழுதாமல், இன்ன ஊரைச் சேர்ந்த மேய்ச்சல் குடும்பம் என்று எழுத ஒரு குறியீடு கொடுங்கள். கணக்கு அவர்கள் ஊருக்குப் போய்ச் சேரட்டும்.

இது முடியாத காரியம் என்று யாரும் தங்களிடம் சொன்னால் ஒன்றை நினைவுபடுத்துங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில் மேய்ச்சல் சமூகத்தாரின் கால்நடைகளை முதல் தடவையாகத் தனியே எண்ணினார்கள். அவற்றைப் பராமரிப்பது ஆணா பெண்ணா என்றும் கேட்டார்கள். ஆடு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்த நாட்டில், அதன் பின்னங்காலை முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளையும் கண்டுபிடிக்க முடியும். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டே நம் கணக்கு வருகிறது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிப்ரவரியில் நீங்கள் போகும் தெருவிலும் கையில் தொரட்டியோடு ஒரு பெண் வந்து நிற்பாள். தை அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும் கீதாரிக் குடும்பம் உங்கள் பகுதி எல்லைக்குள்ளேயே இருக்கும், உங்கள் வரைபடத்தில் இருக்காது. நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக, ஆணையர் அவர்களே, கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு நேரக் குறிப்பு. டாங் முகாமுக்கு ராத்திரியில் போகச் சொல்லாதீர்கள். ராத்திரி போனால் ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். காலை பத்து மணிக்குப் போகச் சொல்லுங்கள். மந்தை கிளம்பியிருக்கும், சுமை இன்னும் கட்டியிருக்காது. முகாமில் பெண்கள் மட்டும் இருப்பார்கள். முடிந்தால் மார்வாரி பேசத் தெரிந்த ஒரு பெண்ணையே அனுப்புங்கள். ராப் கொடுப்பார்கள், வாங்கிக் குடித்துவிட்டு அப்புறம் கேள்வியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
2011 கணக்கெடுப்பில் பணியாற்றிய ஓர் ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்